ஆறு பேர் பங்கிட்ட சத்து மாத்திரை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவளுக்கு இது ஆறாம் மாதம். மாத்திரை டப்பாவைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும். எனக்கோ அந்த மாத்திரை கைக்கு எட்டியும் வாய்க்கு வராமல் போனதே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, பஸ் ரோட்டிலிருந்து இரண்டு மைல் நடக்கிற ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மழை பெய்தால் கம்பும் கடலையும் விளையும். பெய்யாவிட்டால் ஆடுதான் கஞ்சி ஊற்றும். அப்போதுதான் எங்கள் ஊருக்குக் கரண்டு வந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை, ஊருக்குத்தான் வந்தது. அந்த வருடம் நான் இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தேன். முதல் பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து இறந்துவிட்டது. அதோடு எனக்குப் போன ரத்தத்தில் ஒரு மாதம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன்.

மாதம் ஒரு தடவை குடையும் தோல் பையுமாக நர்சம்மா வருவார். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர் கையை எடுக்கவே இல்லை.

"என்ன புள்ள, கண்ணு இப்பிடி வெளுத்துக் கெடக்கு? போன தடவ மாதிரி இந்தத் தடவையும் ரத்தம் போனா ஒடம்பு தாங்காது. பிரசவத்துக்குள்ள ரத்தம் ஊறணும். காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு போட்டுக்க. சத்து மாத்திரை."

காகிதப் பொட்டலத்தில் அறுபது மாத்திரை. சிவப்பாக, மேலே சீனிப் பூச்சோடு, கல்யாண வீட்டு மிட்டாய் போல இருந்தது. நான் அதை என் மாமியாரிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? எங்கள் வீட்டில் எது வந்தாலும் அவர் கைக்குத்தான் போகும். ஆயக்குடியிலிருந்து ஒற்றைக் கொய்யாப்பழம் வந்தாலும் வீட்டில் இருந்த ஏழு பேருக்கும் ஏழு துண்டு போடுவார். துண்டுகள் ஒன்றுக்கொன்று நூல்கூட வித்தியாசம் இருக்காது. வீட்டுக்குள் வந்ததை ஒருத்தர் மட்டும் தின்றால் தின்றவருக்குச் செரிக்காது என்பது அவருடைய கணக்கு. நல்ல மனுஷிதான். தனக்கென்று ஒரு வாய் கூடுதலாக எடுத்ததில்லை.

மறுநாள் காலையில் பொட்டலத்தைப் பிரித்தார். மாமனார் கையில் ஒன்று. என் வீட்டுக்காரரின் அண்ணன் கையில் ஒன்று. அண்ணன் பெண்டாட்டிக்கு ஒன்று, அவளை நான் அக்கா என்பேன். மாத்திரை என்பதால் அக்காவின் சின்ன மகளை மட்டும் விட்டுவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கடைசியில் எனக்கு ஒன்று.

"சத்துன்னா எல்லாருக்குந்தான சத்து. காட்டுல வெயில்ல நிக்கிறவுகளுக்கு வேணாமா?" என்றார்.

எல்லோரும் தண்ணீர் ஊற்றி முழுங்கினார்கள். மாமனாருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

அது என் உயிருக்காக வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் 'எனக்கு மட்டும்' என்கிற சொல்லை அந்த வீட்டில் எந்த வாயால் சொல்வது? தினம் காலையில் பொட்டலம் இளைப்பதைப் பார்ப்பேன். உள்ளே பிள்ளை உதைக்கும். குனிந்தால் கண் இருட்டும். பத்தாம் நாள் காகிதம் மட்டும் மிஞ்சியது.

பதினோராம் நாள் காலையில் காட்டுப் பக்கம் போய் வந்த மாமனார் கட்டிலில் விழுந்தார். கம்மங்கூழைத் தொடவில்லை.

"எனக்கு நாள் நெருங்கிருச்சு. வெளிய போனா கரிக்கட்டை கணக்கா கருப்பாப் போகுது. நாலு நாளா யார்ட்டயும் சொல்லல."

அவருடைய மூத்த மகன் தலையைச் சொறிந்தார். "எனக்குந்தான்யா."

பிறகு ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். என் மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "எவளோ செய்வினை வச்சுட்டா. ஓடிப்போயி கோடாங்கியக் கூட்டிட்டு வா, உடுக்கடிச்சுப் பாக்கட்டும்."

வீட்டுக்காரரின் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த நேரம் பார்த்து நான் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்தேன். அப்படியே சாய்ந்துவிட்டேன். அக்காதான் ஓடிப் போய், அன்றைக்கு அம்மை குத்த மேலத் தெருவுக்கு வந்திருந்த நர்சம்மாவை இழுத்துவந்தாள்.

நர்சம்மா என் இமையை இழுத்துப் பார்த்தார். "மாத்திரை போட்டாளா, இல்லையா?"

"போட்டா. நாங்களுந்தான் போட்டோம்" என்றார் மாமியார். "இப்ப வீட்டுக்கே கருப்பாப் போகுது."

நர்சம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது இரும்புச் சத்து ஆத்தா. அதப் போட்டா அப்பிடித்தான் போகும், ஒண்ணும் செய்யாது." பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுல இப்ப யாரு புள்ள பெறப் போறது? நீங்களா, உங்க மகனா?"

மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"பத்து நாள் போச்சு. இவளுக்கு இருக்கிறது ரெண்டு மாசம்" என்றார் நர்சம்மா.

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினார். அந்த வெயிலிலேயே நர்சம்மாவோடு குஜிலியம்பாறை ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் இன்னொரு பொட்டலம் வாங்கிவந்தார். அதன் பிறகு காலையும் மாலையும் செம்போடு என் எதிரில் நின்று, முழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்.

வாரம் ஒரு நாள் ஆட்டுச் சுவரொட்டி, அதான் மண்ணீரல், சுட்டுத் தருவார். ரத்தம் ஊற அதைவிட ஒன்று கிடையாது. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதானே இருக்கும், உள்ளங்கை அளவு. கம்பு மூட்டை அடுக்கிய அறைக்குள் என்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்துவார். வாசனைக்கு அக்காவின் மகள் வெளியே நின்று அழுவாள். நான் பாதியில் கையை எடுத்துவிடுவேன்.

"அத்த, அவளுக்கு ஒரு துண்டு..."

"பேசாமத் தின்னு."

"பச்சப்புள்ள அழுகுது அத்த."

"அழுகட்டும். அது நாளைக்குத் திங்கும். ஒனக்குத்தான் நாளு இல்ல."

அந்த நாள்களில் அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் நர்சம்மா வந்து பார்த்தார். "கொஞ்சம் செவப்பு ஏறியிருக்கு."

"போதுமா?" என்றார் மாமியார்.

"அன்னைக்குத்தான் தெரியும் ஆத்தா."

சொன்ன நாளுக்கு இருபது நாள் முன்னாலேயே, மத்தியானம் எனக்கு வலி கண்டுவிட்டது. கடலைக்கொடி பரப்பிய மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ரோட்டில் இருந்த ஒவ்வொரு கல்லும் எனக்கு இன்றைக்கும் தெரியும். பொழுது சாயும் முன்னால் பிள்ளை பிறந்தது, அழுதது. அதன் பிறகுதான் ரத்தம் போக ஆரம்பித்தது. நர்சம்மா ஊசி போட்டார். இரண்டு கையாலும் என் அடிவயிற்றை அமுக்கிப் பிசைந்தார். எனக்குக் காது அடைத்தது. பிள்ளையின் அழுகை எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போலக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மெல்ல மெல்ல அதன் குரல் பக்கத்தில் வந்தது.

நர்சம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். மாமியார் வாசலை மறித்து நின்றார்.

"ரத்தம் நின்னுச்சா?"

"நின்னுருச்சு ஆத்தா. ஆம்பளையா பொம்பளையான்னு கேக்கலையே?"

"அதப் பொறவு பாத்துக்கிடலாம். அவளுக்கு இப்ப குடிக்க என்ன குடுக்கலாம், அதச் சொல்லுங்க."