நம்பாதவளுக்கு ஒரு நாற்காலி

அருமைநாயகம் அங்கிள் காலமான செய்தி நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் அதை நம்பவில்லை. அந்தக் குழுவில் வருவதில் பாதி, யாரோ எங்கிருந்தோ தள்ளிவிட்ட சரக்கு. அதோடு நான் மருந்துக் கம்பெனியில் தரம் சோதிக்கிறவள். யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இன்னொரு தடவை பார்க்காமல் விட மாட்டேன். அவர் வீட்டுக்கு போன் செய்தேன். மகன் எடுத்தான். "யெஸ் ஆன்ட்டி, திஸ் மார்னிங். தூக்கத்துலயே," என்றான். அதற்குமேல் சரிபார்க்க ஒன்றுமில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அழுதேன்.

நியூ ஜெர்சித் தமிழர்களில் அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர். "இவ்வளவு காலமும் ஆக்களை நித்திரையாக்கினனான். இனி எழுப்பிப் பாப்பம்," என்று சொல்லிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு சர்ச்சின் பேஸ்மென்ட்டில் சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை நடக்கும்.

என் கணவர் முரளி அதில் நடிக்கப் போகிறேன் என்றபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இந்த ஊரில் கலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பிள்ளையின் காலேஜ் விண்ணப்பத்தில் ஒரு வரி. ஹோட்டல் ஹால் பிடித்து ஒரு அரங்கேற்றம், திரும்பி வரும்போது காரில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு. கலை மனிதனை மேம்படுத்தும், சமூகத்தை இணைக்கும் என்று மைக் பிடித்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால், இவருக்கு இதில் என்ன லாபம் என்றுதான் என் மனசு முதலில் கேட்கும்.

ஒரு நாள் முரளியைக் கூட்டிவரப் போனவள், அங்கிளிடம் அதை நேராகவே கேட்டுவிட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

அவர் முகம் மலர்ந்துபோனது. "எனக்கும் வடிவாத் தெரியாது, பிள்ளை. ஆனா உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தனான். அந்தக் கதிரையில வந்து இருங்கோ."

அவருக்கு ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாடகத்துக்கும், நாடகமே பிடிக்காத ஒரு ஆளைத் தேடிப்பிடித்து ஒத்திகையில் முதல் வரிசையில் உட்கார வைப்பார். மேடையில் நடப்பதை நம்ப முடியாதபோது அந்த ஆள் கையைத் தூக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடிக்கிறவர் முதலிலிருந்து செய்ய வேண்டும். "ரசிக்க வந்த ஆக்கள் பொய்யையும் சேர்த்து ரசிச்சுப்போடுவினம். எனக்கு நம்பாத ஆள்தான் வேணும்," என்றார். வாயாடியின் வாயை அடைக்க இது ஒரு தந்திரம் என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனேன். குறை கண்டுபிடிக்கச் சொல்லி ஒருவர் கூப்பிட்டால் என்னால் வீட்டில் இருக்க முடியாது.

அதிகமாகக் கை தூக்கியது முரளிக்குத்தான். பாவம், விமானத்தில் பெல்ட் போடச் சொல்கிறவர் மாதிரி வசனம் பேசுவார். நான் கையைத் தூக்குவேன், எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். "வீட்டுலயும் இப்படித்தானா?" என்று யாராவது கேட்பார்கள்.

நாலைந்து வாரம் கழித்து அங்கிள் ஒரு காட்சியை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். கணவன் வேலையிலிருந்து வீடு திரும்புகிறான். மனைவி, "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்கிறாள். "மீட்டிங் மேல மீட்டிங்," என்கிறான். அவ்வளவுதான். முரளி கதவு இருப்பதாகப் பாவித்துத் திறந்துகொண்டு வந்தார். ஷூவைக் கழற்றினார். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் பேட்ஜைக் கழற்ற வலது கையைத் தூக்கினார். கை நெஞ்சுவரை வந்து நின்றது. அங்கே ஒன்றுமில்லை. கையைக் கீழே விட்டு, "மீட்டிங் மேல மீட்டிங்," என்றார்.

என் கை எழவில்லை. அந்தப் பாதியில் நின்ற கையை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றரை மாதமாக எங்கள் வீட்டுச் சமையலறையில், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் "எப்படிப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே, ஓரக்கண்ணால் தினமும் பார்த்திருக்கிறேன்.

"என்ன பிள்ளை, நம்பிட்டியளோ?" என்று அங்கிள் கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ரூட் 18இல் காரில் வீடு திரும்பும்போது நான் கேட்டேன், முரளி சொன்னார். வேலை போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. தினமும் நான் கட்டிக்கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய், ஐசலினில் ஒரு கடையின் பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்து வேலைக்கு அப்ளை பண்ணிக்கொண்டு, சாயந்திரம் திரும்பியிருக்கிறார். நான் கத்தினேன். காரை ஓரங்கட்டச் சொல்லிக் கத்தினேன். எந்த மாத்திரையின் பேட்ச் ரிப்போர்ட்டில் என்ன கோளாறு என்று வாசனையிலேயே பிடிக்கிற பொம்பளை, எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட புருஷனைக் கோட்டை விட்டிருக்கிறேன். அந்த வெட்கத்தைத்தான் அவர்மேல் கத்தலாகக் கொட்டினேன்.

மறுநாள் அங்கிள் வீட்டுக்குப் போய், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டே, "நான் எழுதினது ஒரு சீன். அதுக்குள்ள ஆர் வந்து நிப்பினம் எண்டு எனக்கென்ன தெரியும்?" என்றார். நான் அதை நம்பவில்லை. அவரும் நான் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

முரளியைக் கேட்டுக்கொண்டு, அந்த பார்க்கிங்கையும் அங்கிள் ஒரு காட்சியாகச் சேர்த்தார். நாடகம் நடந்த அன்று இடைவேளையில் காப்பி வரிசையில் முரளியின் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். எங்கள் வீட்டு விருந்துகளுக்கெல்லாம் வந்து, தன் ப்ரமோஷனைப் பற்றி விடாமல் பேசுகிறவர். "அந்த பார்க்கிங் சீன் இருக்கே... நானும் உக்காந்திருக்கேன். லைப்ரரில," என்றார் மெல்லிய குரலில். பின்னால் நின்ற இன்னொருவர் முரளியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இத்தனை வருஷம் ஒருவர் வீட்டில் ஒருவர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு, எல்லாரும் சௌக்கியம் என்றே பேசியிருக்கிறோம். கலை சமூகத்துக்கு எதற்கு என்று யாராவது மைக்கில் ஆரம்பித்தால் இப்போதும் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆனால் அந்தக் காப்பி வரிசையை என்னால் மறுக்க முடியவில்லை.

போன வாரம் அங்கிளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, அங்கிளுக்கு முன்னாடியே தெரியுமா என்ற அதே கேள்வியை முரளியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன்," என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர்கிட்ட சொன்னா அது ஒரு சீன். உன்கிட்ட சொன்னா நிஜமாயிடுமே."

ஆக, என் வீட்டு விஷயம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்துக் காத்திருந்திருக்கிறார். கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த கையோடு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்தையும், வீட்டுக்கு வருகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பழக்கத்தையும்தான் அவர் எனக்கு விட்டுப்போயிருக்கிறார். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

அங்கிள், நீங்கள் என்னிடம் நேரடியாகவே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று கேட்டு உங்கள் முகத்தில் கதவைச் சாத்தியிருப்பேன்.