கூரைமேல் இருந்த குப்பை

என் அப்பா வெர்லின் ஹாட்கிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கலிபோர்னியா மலைச்சரிவில் எங்கள் வீடு. பின்பக்கக் கூரை ஏறக்குறைய மண்ணைத் தொடும். காட்டுத்தீக்குப் பயந்து, புதரை மேய்வதற்காக ஆடு வளர்த்தார். புதர் தீர்ந்ததும் ஆடுகள் கூரையில் ஏறி வெயில் காய்ந்தன.

போன கோடையில் காப்பீட்டு நிறுவனம் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்தது. மாநிலச் சட்டப்படி காரணம் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள்: வானிலிருந்து எடுத்த படத்தில், கூரைமேல் காய்ந்த குப்பை.

காப்பீடு இல்லாவிட்டால் வீட்டுக்கடன் கொடுத்த வங்கி விடாது. வீட்டை விற்க வேண்டியதுதான். அப்பா ஆட்சேபித்தார். நேரில் பார்த்துச் சோதிக்க, மாரிசெலா குவேட் என்ற பெண்ணை நிறுவனம் அனுப்பியது.

"குப்பை எங்க சார்?"

"அதோ நிக்குது பாருங்க. ஏய் குப்பை! மேடம் வந்திருக்காங்க, இறங்கு!"

இறங்கிய ஆடு, குவேட் கையிலிருந்த வைக்கோல் தொப்பியை மென்று தின்னத் தொடங்கியது.

"ஐயோ, என் தொப்பி!"

"தீப்பிடிக்கிற சாமான் மேடம். அது அதோட வேலையத்தான் பாக்குது."

குவேட் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. அப்பா தினமும் காபி குடிக்கும் மர பெஞ்ச் சுவரோரம் இருந்தது.

"இத்தனை வருஷமா இதுலதான் உக்கார்றேன். ஒரு தடவைகூடப் பத்திக்கலயே?"

"நீங்க பத்திக்க மாட்டீங்க சார். பெஞ்ச் பத்திக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கட்டடப் பொறியாளர்.

"அஞ்சடிப்பா," என்றேன்.

"உன்னைப் போய்ப் படிக்க வெச்சேன் பாரு."

பெஞ்ச் முற்றத்துக்குப் போனது. பாலிசி பிழைத்தது. அப்பா கொதிக்கும் வெயிலில் உட்கார்ந்து முணுமுணுத்தார். "என் வீட்டோட பேசணும்னா இப்பக் கத்த வேண்டியிருக்கு."

பிப்ரவரியில் இறந்தார். இதயம். அஸ்தியைச் சுவரோரம், தன் பழைய இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார். பாலிசி மறுபடி புதுப்பிக்கும் நேரம். குவேட்டுக்குப் போன் செய்தேன்.

"ஸ்டீல் டப்பா. உள்ளே அப்பா. சுவத்துலேர்ந்து ஒரு அடி. வைக்கலாமா?"



"மூடி மரமா?"

"அதுவும் ஸ்டீல்தான்."

"உள்ள இருக்கிறது இனிமே எரியாதுல்ல?"

"எரியாது."

"அப்ப சட்டத்துல தடையில்ல. உக்காரட்டும்மா." பிறகு கேட்டார்: "அந்த ஆடு எப்படி இருக்கு?"

"கூரைமேல இருக்கு."

டப்பாவை வைத்தேன். முற்றத்திலிருக்கும் பெஞ்சை மட்டும் சுவரோரம் நகர்த்த முடியாது. காலையில் அதில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். அவரோடு பேச, கத்த வேண்டியிருக்கிறது.