பித்தளைக் கொண்டையில் அண்ணனின் பேர்

நான் தொட்டுக்கூடப் பார்க்காத மூன்று ஜப்பான் ராணுவ வாள்களுக்குச் சொந்தக்காரி. மூன்றும் சிங்கப்பூரில், என் மாமா மகன் வீட்டில், துணி அலமாரிக்குப் பின்னால் நிற்கின்றன. வீடு பெருக்கும்போதெல்லாம் அத்தானின் மனைவி என்னைத் திட்டுவதாகக் கேள்வி. திட்டட்டும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எப்போதோ தூக்கி வெளியே வீசியிருப்பேன்.

ரங்கூனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிற, கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு வாள் எதற்கு என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். எனக்கு மூன்று வாள்கள் தேவைப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது. இந்த மூன்றும் அதைத் தேடிப்போன வழியில் வந்து ஒட்டிக்கொண்டவை.

அந்த ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. யுத்தம் முடிகிற சமயத்தில் ரங்கூனுக்கு அடுத்த ஊரான கியாக்தானில் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் முகாம் போட்டிருந்த ஜப்பான் அதிகாரி ஒருவன் ஓடும்போது போட்டுவிட்டுப் போனது. அப்பா பிற்பாடு ரங்கூனுக்குள் தின்கன்ஜூன் பேட்டையில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது அதையும் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். வாள் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. கத்திதான். பலாப்பழம் பிளக்க அதுதான், திருஷ்டிப் பூசணி வெட்டவும் அதுதான். சரஸ்வதி பூஜைக்கு அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கிடத்துவாள். இப்போது நான் பழகுகிற வாள் சேகரிப்பாளர்களிடம் இதைச் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பழைய இரும்பின் துருவைக்கூடத் தொடக்கூடாது என்கிற கூட்டம் அது.

அந்த நாளில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் எங்கள் தெருவுக்கு வருவார். சின்ன உளி, சின்னச் சுத்தியல். அம்மா வீட்டுப் பித்தளையை எல்லாம் அவர் முன்னால் பரப்பிவிடுவாள். குடம், தாம்பாளம், அண்டா எல்லாவற்றிலும் என் பேர், புள்ளி புள்ளியாக. கட்டிக்கொடுக்கும்போது கூட அனுப்ப. எல்லாம் முடிந்ததும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இத்தனை, மூத்தவனுக்கு ஒன்றுமில்லையா? சுவரிலிருந்து கத்தியை இறக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். இரும்பில் உளி ஏறாது என்றார் அவர். பிடியின் முனையில் ஒரு பித்தளைக் கொண்டை உண்டு. "இது பித்தளைதானே, இதுல வெட்டுங்க," என்றாள் அம்மா. கொண்டையின் அடிப்பக்கத்தில் அண்ணனின் பேர் முழுசாக விழுந்தது.

"நான் என்னம்மா, சருவச் சட்டியா?" என்று அண்ணன் கேட்டான். ஒரு வாரம் அவனைச் சருவச் சட்டி என்றே கூப்பிட்டேன்.

எண்பத்தெட்டில் அண்ணன் கல்லூரியில் இருந்தான். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். பட்டாள ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் கிளம்பிய அந்த ஆண்டு ஊர் பட்ட பாட்டை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தெருவுக்குத் தெரு மூங்கில் படல் கட்டி, இளவட்டங்கள் கடப்பாரையும் கத்தியுமாகக் காவல் நின்றார்கள். எங்கள் படலில் அண்ணனும் நின்றான். பிறகு பட்டாளம் தெருவில் இறங்கியது. அப்புறமும் பையன்கள் ஊர்வலத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் மத்தியானம் அம்மா காய்ச்சல் என்று படுத்திருந்தாள். பக்கத்துத் தெருவில் மருந்து வாங்கிவர என்னை அனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"கத்திய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்," என்றாள் அம்மா.

அவன் திரும்பி வரவில்லை. நகரத்துக்குள் ஒரு முச்சந்தியில் விழுந்து கிடந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, மாணவர்களோடு சேர்ந்து தாய்லாந்து எல்லையைத் தாண்டிவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேருமே சத்தியம் செய்தார்கள். இந்த இரண்டு சத்தியத்துக்கும் நடுவில்தான் எங்கள் வீடு இருபது வருஷம் நின்றது. யார் வந்து துக்கம் விசாரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "அவன் கையில கத்தி இருக்கு. ஒண்ணும் ஆகாது." சரஸ்வதி பூஜை அன்று அந்த வெற்று ஆணிக்குப் பொட்டு வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் வாய் திறக்கமாட்டேன்.

இணையக் கடைகள் ரங்கூனில் வந்த பிறகு, உலகத்தில் ஜப்பான் வாள்களை ஏலம் போட்டு வாங்குகிற விற்கிற ஒரு பெருங்கூட்டம் இருப்பது எனக்குத் தெரியவந்தது. பர்மாவில் கிடைத்தது என்றே தனியாக ஒரு கிராக்கி. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மனிதன் காணாமல் போவான், இரும்பு எங்கே போகும்? யாராவது ஒருவன் கையில் அது இருக்கும். அது எல்லைப் பக்கம் கிடைத்திருந்தால் அண்ணன் எல்லை வரை போயிருக்கிறான். ரங்கூனில் கிடைத்திருந்தால், அந்த வாக்கியத்தை நான் முடித்ததில்லை.

வேலை முடிந்ததும் இணையக் கடைக்குப் போவேன். சுற்றிலும் பையன்கள் கணினியில் சுட்டுக்கொண்டு கத்துவார்கள். நடுவில் நான் வாள் பார்த்துக்கொண்டிருப்பேன். பாதிப் பக்கங்களை அரசாங்கம் அடைத்திருக்கும். கடைக்காரர் ஏதோ குறுக்கு வழி போட்டுத் திறந்துகொடுத்துவிட்டு, "யாரை வெட்டப் போறீங்க, அமா?" என்று கேட்பார். பர்மிய மொழியில் அக்கா என்பதற்கு அமா. வாடகையை ஏற்றினால் உங்களைத்தான் என்பேன்.

சேகரிப்பாளர்கள் கூடிப் பேசுகிற ஒரு தளத்தில் ஆண் பேரில் சேர்ந்துகொண்டேன். பொம்பளை என்றால் பதில் வராது, அல்லது தேவைக்கு மேல் வரும். எது அதிகாரியின் வாள், எது சிப்பாய்க்குத் தொழிற்சாலையில் அடித்தது, எது போன மாதம் செய்து பழசாக்கியது என்று படித்துக்கொண்டேன். எவ்வளவு படித்து என்ன, விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தைத்தான் படம் எடுப்பார்கள். எனக்கு வேண்டியது கொண்டையின் அடிப்பக்கம். கேட்டால் சிலர் படம் அனுப்புவார்கள். சிலருடைய வாளில் கொண்டை முழுக்கத் தார் பூசியிருக்கும். சுரண்டச் சொன்னால் கோபம் வரும், வாங்கிவிட்டு நீயே சுரண்டு என்பார்கள். அப்படி வாங்கிச் சுரண்டியவைதான் அந்த மூன்றும். பர்மாவுக்குள் வாளை வரவழைப்பதைவிட நேரே ஜெயிலுக்குப் போய்ப் பாய் விரித்துக்கொள்ளலாம். அதனால் எல்லாம் அத்தான் பேரில், அத்தான் விலாசத்துக்கு. அவர் சுரண்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்பார். பணத்துக்கு என் பேர் வெட்டிய குடங்களையும் தாம்பாளங்களையும் விற்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. இனிமேல் குடம் எதற்கு என்று அவளும் நினைத்திருப்பாள்.

அது ஒரு மழைக்கால மாலை. அந்தத் தளத்தில் பெரிய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. பாங்காக்கில் ஒரு வெள்ளைக்காரர் ஏலத்துக்கு விட்டிருந்த வாளின் கொண்டையில் புள்ளி புள்ளியாக ஏதோ எழுத்து. சயாம் மந்திரம் என்றார் ஒருவர். குண்டு துளைக்காமல் இருக்கத் துறவிகள் எழுதிக் கொடுப்பது என்று இன்னொருவர் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. நான் என் அண்ணனின் பேரைப் படித்தேன்.

திரையில் அந்தப் புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். "லைன் போச்சா, அமா?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். வாய்விட்டு அழுதால் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பாங்காக்! எல்லைக்கு அந்தப் பக்கம்! பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குள் ஒரு கல்யாண வீடே நடந்தது. உயிரோடு இருக்கிறான், அல்லது ஒரு காலத்தில் அங்கே உயிரோடு இருந்தான், பசிக்காகக் கத்தியை விற்றான். விற்றால் விற்றுவிட்டுப் போகட்டும். அம்மாவிடம் சொல்லத் துடித்த நாக்கை அடக்கிக்கொண்டேன். உறுதி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று அத்தானை விட்டு அந்த வெள்ளைக்காரரிடம் தொலைபேசியில் பேசச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் கணினி வழியாக அத்தான் பேசினார். குரலே சரியில்லை.

"எல்லையில வாங்கலியாம். ரங்கூன்லதான் வாங்கினாராம். பபேடான்ல ஒரு பாத்திரக் கடையில. ரொம்ப வருஷம் முன்னாடி."

ரங்கூன். முடிக்காமல் வைத்திருந்த வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "தமிழ் அம்மா ஒருத்தங்க கொண்டுவந்து கொடுத்ததுன்னு கடைக்காரர் சொன்னாராம். கோரைப்பாயில சுருட்டி, உள்ளே சேலை சுத்தி. அந்தச் சேலையக்கூட வெள்ளைக்காரர் வச்சிருக்காராம். படம் அனுப்பியிருக்காரு, பாரு."

பார்த்தேன். அரக்கு நிறச் சேலை. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோண ஓட்டை. சுட்டது நான்தான். அடி வாங்கியதும் நான்தான். எண்பத்தெட்டில் மழை ஓய்ந்ததும் ஒரு நாள் அம்மா கோரைப்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பபேடானுக்கு பஸ் ஏறியது ஞாபகம் வந்தது. நைந்த பாயை மாற்றி வருகிறேன் என்றாள். பாத்திரக் கடை ராவுத்தர் அப்பாவின் பழைய சிநேகிதர்.

வீட்டில் அம்மா புளிச்ச கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அரக்குச் சேலை எங்கம்மா?"

"இப்ப எதுக்கு அது?"

"அது பாங்காக்குல இருக்கு. கத்தியும் அங்கதான் இருக்கு. ஒரு வெள்ளைக்காரர் ராவுத்தர் கடையில வாங்கினாராம்."

அவள் கீரையைத் தட்டில் வைத்தாள்.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சலே இல்ல, பாப்பா."

பிறகு எல்லாம் வந்தது. "கத்தி இல்லன்னா போகமாட்டான்னு நெனச்சேன். அதான் சேலையில சுத்திப் பாய்க்கு அடியில வச்சு, மேல படுத்துக்கிட்டேன். நீ மருந்துக்குப் போனதும் வீடெல்லாம் தேடுனான். பரண்ல ஏறித் தேடுனான். என்கிட்ட வந்து நெத்தியில கை வச்சான். 'சுடலயேம்மா'ன்னான். 'கத்தி எங்கம்மா'ன்னான். எனக்கு என்னடா தெரியும்னேன். சரி, நீ படுத்துக்கோன்னு சொல்லிட்டு வெறுங்கையோட போயிட்டான். பொறகு வீடு வீடா சோதனை போட்டாங்க. பயந்துபோய் ராவுத்தர்கிட்ட கொடுத்துட்டேன்."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். "பின்ன ஏன் ஊரெல்லாம் எடுத்துட்டுப் போனான், எடுத்துட்டுப் போனான்னே? அதை நம்பித்தானே நான் இத்தனை வருஷம் தேடுனேன்!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"வெறுங்கையா போனான்னு எப்படிடி சொல்லுவேன்? பெத்தவளே மேல படுத்துக்கிட்டுத் தரலன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"கத்தி இருந்தா மட்டும்? துப்பாக்கிக்கு முன்னாடி கத்தி என்னம்மா செய்யும்?" இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த வாள்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் அதைத்தான் சொல்கிறது.

"தெரியாமலா இருக்கேன்? ஆனாலும் கேட்டானே, பாப்பா. கேட்டதை நான் கொடுக்கலியே."

கீழே உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கீரை ஆய்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ஏலம் சனிக்கிழமை முடிகிறது, அதை நான் வாங்கிவிடுகிறேன், அத்தான் வைத்திருப்பார், ஒரு நாள் உன்னைச் சிங்கப்பூர் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன்.

"அவன் பேரு இருக்கா அதுல?"

"இருக்கும்மா. அழியல."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்காதே," என்றாள். "அது உங்கண்ணன்கிட்டயே இருக்கட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் இணையக் கடையில் போய் உட்கார்ந்தேன். அதிசயமாக அன்றைக்கு மின்சாரமும் போகவில்லை, லைனும் போகவில்லை. விலை ஏறிக்கொண்டே போனது. அத்தான் இரண்டு முறை "கேட்கட்டுமா?" என்று எழுதினார். வேண்டாம் என்று எழுதினேன். கடைசியில் எந்த நாட்டிலோ ஒருவர் வாங்கிக்கொண்டார். மந்திரம் எழுதிய வாள் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார். எனக்குத் தாங்க முடியவில்லை, காசைக் கொடுத்துவிட்டு மழையிலேயே நடந்தேன்.

அந்தச் சரஸ்வதி பூஜைக்கு அம்மா ஆணிக்குப் பொட்டு வைத்தபோது குங்குமக் கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன். பூஜைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டே, பெரியவனைப் பற்றி ஏதாவது சேதி உண்டா என்று கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்:

"கத்தியோடதான் போயிருக்கான், அக்கா. ஒண்ணும் ஆகாது."