கருவாட்டுப் பரீட்சை

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியில், கலவைத் தொட்டிகளைத் தின்னர் போட்டுத் துடைப்பது பெண்கள் வேலை. கழுவுவது பொம்பளைகளுக்குக் கைவந்த கலை என்பார் மேஸ்திரி. அவர் வீட்டில் ஒரு தட்டையாவது கழுவியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் மாஸ்க் தந்திருந்தார்கள். ஆம்பளை முகத்துக்குச் செய்தது. எங்கள் தாடைக்கும் அதற்கும் நடுவே விரலே நுழையும். வாரை இறுக்கினால் காது வலித்ததே தவிர நெடி நின்றபாடில்லை. சேஃப்டி ஆபீசரிடம் சொன்னால், மாஸ்க் சரியாகத்தான் இருக்கிறது, உங்களுக்குத்தான் போடத் தெரியவில்லை என்பார்.

நானாவது பழகிவிட்டேன். என் பக்கத்தில் நின்று துடைக்கும், காத்திவாக்கம் மீனவக் குப்பத்துப் பெண்ணுக்கு அப்போது மூன்று மாதம். அந்த நெடி தாயோடு நிற்காது, வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கருவாட்டோடு போனேன். ஆபீசரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்; அவர் சொன்னபடியே, தொட்டி துடைக்கும் மற்ற ஐந்து பேரும் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டார்கள். துப்பட்டாவால் கண்ணைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து நீட்டினேன். நெத்திலி என்றாள் ஒருத்தி, வாளை என்றாள் அடுத்தவள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆபீசர் சைவம். மாஸ்க் இல்லாத அவர்தான் பாவம், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. சுறாப் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தப் பெண் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். கருவாட்டு வாசனைக்குக் காத்திவாக்கத்துப் பெண் வாந்தி எடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் ஆபீசர்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சொன்னா மாஸ்க்கா சார் குடுப்பீங்கோ? வூட்டுக்குப் போன்னுதான சொல்லுவீங்கோ."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றே அவளைத் தின்னர் நெடி எட்டாத லேபிள் பகுதிக்கு மாற்றினார். சம்பளத்திலும் கை வைக்கவில்லை. எங்களுக்கென்று தனி மாஸ்க் வரவழைப்பதாகவும் சொன்னார்.

சொன்னபடியே வந்தது. ரோஸ் கலர். பழையதன் மேல் வைத்துப் பார்த்தேன், அளவு அதேதான். மறுநாளும் சுறா வாங்கிக்கொண்டு போனேன்.