திருச்சிற்றம்பலத்துக்குப் பிறகு

வேலையில் சேரப் போகும் வழியில் ஆவடியில் இறங்கி, தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மைதானத்துப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். 'பழைய தேவாரமும், அதைத் தொடர்ந்து புதிய வயலின் இசையும்' என்கிறது கையிலுள்ள நோட்டீஸ். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். எந்த நோட்டீஸையும் கடைசி வரி வரை படிக்காமல் விடுவதில்லை.

ஓதுவார் கண்ணை மூடிப் பாடுகிறார். புதிய இசையை அமைத்தவர் தொழிற்சாலைக் காக்கியை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்து, மேடையோரம் வயலினோடு காத்திருக்கிறார்.

பதிகம் முடிகிறது. ஓதுவார் "திருச்சிற்றம்பலம்" என்கிறார். கூட்டமும் "திருச்சிற்றம்பலம்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறது.

"அண்ணே, இன்னும் வயலின் பாக்கி இருக்கே," என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்கிறேன்.

"திருச்சிற்றம்பலம் சொன்னப்புறம் இன்னா நைனா பாக்கி கீது? சுண்டல் குடுத்துகினு கீறாங்க, எந்திரி!"

வயலின்காரர் வாசிக்கத் தொடங்குகிறார். ஓதுவார் நிறுத்திய சுரத்திலிருந்தே இசை கிளம்புகிறது. எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதற்குள் நாற்காலிகளை மடக்கும் சத்தம் இசையை விழுங்கிவிடுகிறது. அவர் வில்லை இறக்கிவிட்டு, இன்னும் எழாமல் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்க்கிறார்.

"நீங்க வாசிங்க சார், நான் கேக்கிறேன்."

"இந்தச் சத்தத்துலயா? நீங்களும் குவார்ட்டர்ஸ்தானே தம்பி? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, முழுசா வாசிக்கிறேன்." அவர் முகம் மலர்ந்திருக்கிறது.

"சரிங்க சார், வரேன்," என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கல்கத்தாவில் வேலையில் சேர்ந்திருப்பேன்.