கண்ணாடிக்குள் போன கடலைப் பெட்டி

அருங்காட்சியக இயக்குநரே, நீங்கள் ஒரு பெண்ணின் பெயரை அழித்தீர்கள். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

இந்த வட்டாரத்து மக்கள் தாங்களே யோசித்துச் செய்த கருவிகளை, வருகிறவர்கள் கையால் இயக்கிப் பார்க்கும்படி மாமல்லபுரத்தில் உங்கள் கூடத்தில் அமைப்பது என் வேலை. ஏழு மாதம் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தனியாகக் கிடந்தேன். சில நாள் டீக்கடையில் "சர்க்கரை கம்மியா" என்று சொன்னதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

அச்சரப்பாக்கம் பக்கத்துப் பெண் ஒருவர் மட்டும் வாரம் ஒருமுறை போன் செய்வார். கூலிக்கு விதைக்கடலை உடைத்து விரலெல்லாம் புண்ணானவர். பழைய சைக்கிள் டயரை வெட்டி உருளையில் சுற்றி, பருப்பு நசுங்காமல் மேலோட்டை மட்டும் உடைக்கிற பெட்டியை அவரே செய்திருந்தார். அதை நமக்குக் கொடுத்தபோது ஒன்றுதான் கேட்டார்: பலகையில் தன் பெயர் இருக்கணும். சரி என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தரையில் குந்தி, இரண்டு காலாலும் சட்டத்தை மிதித்துக்கொண்டு சுற்ற வேண்டிய பெட்டி அது. பார்க்க வருகிறவர்கள் குந்த மாட்டார்கள், மேசைமேல் வையுங்கள் என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அது என் தப்பு. திறப்பு விழாவுக்கு வந்த விருந்தினர் ஒருவர் கைப்பிடியைச் சுற்றினார். மிதித்துப் பிடிக்க ஆளில்லாத பெட்டி சரிந்து கீழே விழுந்தது. கடலை எல்லார் செருப்பிலும் மிதிபட்டது.

விழாவுக்கு வந்திருந்த அந்தப் பெண் என் பக்கம் வந்தார். "குந்திகினு சுத்துற மிசினு இது. தொரைங்களுக்கு முட்டி மடங்காதாமா?" என்றார். அவர்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே பெட்டி கண்ணாடிக்குள் போனது. 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை. பலகையில் அவர் பெயர் இருந்த இடத்தில் 'செய்தவர் யாரெனத் தெரியவில்லை' என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். ஓடாத கருவியில் பெயர் போட்டால் அவருக்குத்தான் அவமானம் என்றீர்கள்.

போன மாதம் அவர் பஸ் பிடித்து வந்து அதைப் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனாராம். வாசல் காவலர் சொன்னார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. நான் அடித்தாலும் எடுப்பதில்லை. கொட்டகையில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

அந்தப் பெட்டியைச் செய்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருக்கும்போது, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் சொல்லுங்கள்.