ஸ்டேஷனில் சொன்ன பேர்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன். பொறுத்து வாசிக்க வேண்டும்.

காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோன என் தம்பியை, அங்கே நடந்த அடிதடியில் சேர்ந்தவன் என்று போலீசார் பிடித்துவிட்டார்கள். அன்றே ஜாமீன் கொடுக்காவிட்டால் சேலம் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். நானும் தம்பி மனைவி நல்லம்மாளும் மலையிறங்கி ஓடினோம்.

ஸ்டேஷனில் கூச்சத்தோடு, "சின்னான்னு ஒருத்தன் இருக்கானுங்களா?" என்றேன்.

ஏட்டு புத்தகத்தைப் புரட்டினார். "அப்படி யாரும் இல்லய்யா. வேற ஸ்டேஷன்ல கேளு."

நான் கும்பிட்டுத் திரும்பிவிட்டேன். தம்பிக்கு எங்கள் பாட்டனார் பேர். பெரியவர் பேரைச் சொல்லக்கூடாதென்று வீட்டில் எல்லோரும் சின்னான் என்றே கூப்பிடுவோம். போலீசாரிடம் அவன் சொந்தப் பேரைச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நல்லம்மாள் நகரவில்லை. எங்கள் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. அவள் உரக்கச் சொன்னாள்: "அறப்பளின்னு பாருங்க. மலை மேல பெரக்கரை நாடு. எங்க ஊட்டுக்காரருங்க."

"இருக்கானே! மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?"

நான் திகைத்து நின்றேன். "சாமி பேருதானுங்க மாமா, சாமியக் கூப்பிட்டேன்னு வெச்சுக்கங்க," என்றாள்.

உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது: "ஏம்புள்ள, இன்னொருக்கா சொல்லு!"

ஏட்டே சிரித்துவிட்டார். சந்தையில் எங்களிடம் மிளகு வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து ஜாமீன் நிற்க, பொழுது சாய்வதற்குள் தம்பி எங்களோடு மலையேறினான்.

அந்தப் பெண்ணின் தைரியம் எனக்கு இன்றும் வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரையாவது பிடித்துப்போனால், சொந்தப் பேர், தகப்பன் பேர், நாடு மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் ஸ்டேஷன் படியேறுகிறேன்.

பார்த்திப வருஷம், ஐப்பசி முதல் தேதி.